வேல்விழி டீச்சருக்கு ஒரு சொல்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. சிவகாசியே கொஞ்சம் அசந்து கிடந்த அந்த நாட்களில் அச்சாபீசுகளுக்கு மட்டும் மூச்சுவிட நேரமில்லை, காலண்டர் சீசன். கனகசபாபதி அண்ணாச்சியின் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற வேலை பார்க்கும் பாண்டிலட்சுமி, கோவில்பட்டி ஜவுளிக்கடைக் காலண்டர் ஒன்றுக்கு முகவரி அடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கப் போன நேரத்தில் போன் வந்தது. அவளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜப்பான் மொழி படிக்கிற நர்ஸ் பிள்ளை ஒருத்தி.

“அக்கா, வேல்விழி டீச்சர் போயிட்டாக” என்றாள் அந்தப் பிள்ளை. அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

டீச்சருக்குக் காய்ச்சல் என்பது பாண்டிலட்சுமிக்குத் தெரியும். டெங்கு என்று சொல்லி மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே டீச்சர் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் பேசி அனுப்பியிருந்தாள். இந்த ஞாயிறு வர முடியாது, பாடத்தை நீங்களே வாசித்து வையுங்கள், வந்து கேள்வி கேட்பேன் என்று. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான். கேள்வி கேட்பாளே என்று பயந்து பாண்டிலட்சுமி வாசித்தும் வைத்திருந்தாள்.

வேல்விழிக்கு இருபத்தொன்பது வயது.

அண்ணாச்சி கண்ணாடி அறையிலிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவரும் வேல்விழியைப் பார்த்துப் பழகியவர். “பிள்ள சின்ன வயசுல்லம்மா” என்றார். பிறகு, அவள் முன்னால் கிடந்த ஜவுளிக்கடைத் தாளைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாண்டிலட்சுமி ஜப்பானுக்குப் போகிற எண்ணத்தில் படித்தவள் இல்லை. வேலையில் பட்ட ஒரு அடிதான் அவளை அந்த வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. விருதுநகர் வியாபாரி ஒருவர் ஜப்பானுக்கு வத்தல்பொடி அனுப்ப ஆரம்பித்து, அட்டைப்பெட்டி அச்சடிக்க அண்ணாச்சியிடம் ஆர்டர் கொடுத்தார். அந்த ஊர் எழுத்தை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டியதுதானே என்று பாண்டிலட்சுமி ஒட்டினாள். மேலே வர வேண்டிய வரி கீழேயும் கீழே வர வேண்டியது மேலேயும் போய்விட்டது. அவளுக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை. கோலம் மாதிரி தெரிந்தது. லோடு முழுவதும் திரும்பி வந்தது. அண்ணாச்சி திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். வாசிக்கத் தெரியாததை உன்னிடம் கொடுத்தது என் தப்பு என்று சொல்லிவிட்டார். அது அவளைத் தூங்கவிடவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை மாடியில் ஒரு பெண் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். போய் வாசலில் நின்றாள். உள்ளே பெஞ்சில் இருந்ததெல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். போர்டு பக்கம் நின்றவளுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான் மதிக்கலாம். ஒல்லி உடம்பு, சாயம் போன சுடிதார், காதில் சின்னத் தோடு. டீச்சரைக் கூப்பிடும்மா என்று பாண்டிலட்சுமி அவளிடமே சொன்னாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

“வாங்கக்கா, நாந்தான். உள்ள வந்து உக்காருங்க. வயசெல்லாம் ஒண்ணும் பாக்காதீக.”

அன்றைக்கு அவள் எழுதிக் காட்டிய முதல் வார்த்தை சென்செய். ஜப்பானில் ஆசிரியரை அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு எழுத்து. முதல் எழுத்துக்கு முன்னால் என்று அர்த்தம், அடுத்ததற்குப் பிறப்பு. முன்னால் பிறந்தவர். எழுதிவிட்டு வேல்விழி திரும்பிப் பாண்டிலட்சுமியின் வயதைக் கேட்டாள். “எழுத்துப்படி பாத்தா இந்த ரூமுல நீங்கதான்க்கா சென்செய். எனக்கு ஏழு வருசம் முன்னாடி பிறந்திருக்கீக” என்றாள்.

தன்னை அப்படிக் கூப்பிட யாரையும் வேல்விழி விட்டதில்லை. டீச்சர் என்றால் போதும் என்பாள். ஜப்பான் மொழிக்கு வைக்கிற பரீட்சையில் மேல்படி ஒன்று இருக்கிறது. அதை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தாள். மார்கழி பிறக்குமுன் மூன்றாவது தடவை எழுத சென்னைக்குப் போவதாக இருந்தாள். அதில் பாஸாகி வந்த பிறகு சென்செய் என்று கூப்பிடுங்கள், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தாள்.

வகுப்பை நடத்தியது மதுரைக்காரர் ஒருவர். அவர் ஒரு நோட்டீஸ் அடிக்க அண்ணாச்சி பிரஸ்ஸுக்கே வந்தார். வேல்விழியின் படத்தைப் போட்டு, அவளே பேசுகிற மாதிரி, நான் உங்கள் சென்செய் என்று ஜப்பான் எழுத்தில் போடச் சொல்லியிருந்தார். திருத்தம் பார்க்க வந்த வேல்விழி, பாண்டிலட்சுமியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, முதல் வேலையாக அதைத்தான் அழிக்கச் சொன்னாள். சென்செய் என்பது அடுத்தவர்கள் நம்மைச் சொல்கிற வார்த்தை, நம்மை நாமே சொல்லிக்கொண்டால் அந்த ஊரில் வாய்க்குள் சிரிப்பார்கள் என்று விளக்கினாள். அந்த இடத்தில் கியோஷி என்று அடிக்கச் சொன்னாள்.

“கியோஷின்னா சொல்லிக் குடுக்கிற வேலை பாக்கிறவ. நான் அம்புட்டுத்தான்க்கா” என்றாள்.

அந்த வார்த்தை பாண்டிலட்சுமியின் மனதில் அப்படியே படிந்துவிட்டது.

வேல்விழிக்குச் சொந்த ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா சுந்தரபாண்டிக்கு மானம் பார்த்த காடு கொஞ்சம் உண்டு. மழை பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அம்மா வெள்ளைத்தாய் பட்டாசு வேலைக்குப் போனாள். ஒரே பிள்ளை என்று இரண்டு பேரும் சேர்ந்து நர்ஸிங் படிக்க வைத்தார்கள். படித்து முடித்தவள் ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். அங்கே இருந்த மூன்று வருசத்தைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு நாள் பேசினாள். அதுவும் பாடத்தின் நடுவில் வந்தது.

அம்மா என்பதற்கு அந்த மொழியில் இரண்டு சொல் உண்டு. அடுத்தவருடைய அம்மாவைச் சொல்லும்போது ஒகாசான்; அதில் மரியாதை இருக்கிறது. தன் அம்மாவை வெளி ஆளிடம் சொல்லும்போது ஹஹா. நம்முடையவர்களை அடுத்தவர் முன்னால் ஒரு படி இறக்கித்தான் சொல்ல வேண்டும், அதுதான் அவர்கள் முறை. இது பிள்ளைகளுக்குப் பிடிபடவே இல்லை. சொந்த அம்மாவை எதற்கு இறக்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். வேல்விழி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் அன்றைக்கு வரவில்லை என்றாள்.

கொரோனா சமயம் அது. வெள்ளைத்தாய் வேலை பார்த்த கம்பெனியில் வெடி விபத்து. அப்பா போனில் சொல்லும்போது வேல்விழி வேலையில் இருந்தாள், ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டு. மேலதிகாரியிடம் ஓடிப்போய், ஒகாசான் இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் திகைத்துப்போய், யாருடைய அம்மா என்று கேட்டாராம். அந்த இல்லத்தில் ஒகாசான் என்று கூப்பிடப்படுகிற வயதான அம்மாக்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். என்னுடைய அம்மா என்று சொல்ல அவளுக்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. ஹஹா என்று தேடி எடுத்துச் சொன்ன பிறகுதான் அழுகையே வந்ததாம்.

விமானம் ஓடவில்லை. அம்மாவை எடுத்துக்கொண்டு போவதைப் போனில்தான் பார்த்தாள். அப்பாவைத் தனியாக விட முடியாது என்று வேலைக் காலம் முடிந்ததும் திரும்பி வந்துவிட்டாள். திரும்பிப் போகவில்லை. போகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

இதைச் சொல்லி முடித்த கையோடு சாக்பீஸை எடுத்து, சரி, எல்லாரும் ஹஹா என்று பத்து தடவை எழுதுங்கள் என்றாள். எழுதினார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டீச்சர் இறந்த அன்று மத்தியானம், சுவரொட்டி அடிக்க வேண்டும் என்று குரூப்பில் பேச்சு வந்தது. இந்தப் பக்கம் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி ஒட்டாமல் இருக்க மாட்டார்கள். பிரஸ் ஊரில் அதுவும் இல்லாமலா. பாண்டிலட்சுமி அக்காவே செய்யட்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இங்கே படிக்கிறவர்கள், ஜப்பானில் வேலையில் இருக்கிறவர்கள் எல்லார் பெயரும் கீழே வர வேண்டும், ஜப்பான் எழுத்தில் ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான் சொன்னார்கள். என்ன வரி என்று யாரும் சொல்லவில்லை.

படத்துக்கு அந்தப் பழைய நோட்டீஸில் இருந்ததையே எடுத்தாள். பக்கத்தில் அந்த ஸ்டூல் கிடந்தது. தமிழில் அடிப்பது சுலபமாக முடிந்துவிட்டது. ஜப்பான் வரிக்கு, எங்கள் என்று அடித்துவிட்டு நின்றாள். சென்செய் என்று போட விரல் போனது. பரீட்சை எழுதாமலே அந்தப் பெயரை இப்போது வைத்தால் டீச்சர் கோபித்துக்கொள்வாள் என்று தோன்றியது. இறந்தவளுக்கு ஏது கோபம் என்றும் தோன்றியது. முன்னால் பிறந்தவர் என்கிற அர்த்தம் வேறு குறுக்கே வந்து நின்றது. தனக்குப் பின்னால் பிறந்து தனக்கு முன்னால் போய்விட்ட பிள்ளை. அவள் ஆசைப்பட்டுத் தனக்கென்று வைத்துக்கொண்டது ஒரே ஒரு சொல்தான் என்று நினைத்து, கியோஷி என்று அடித்தாள். சரியாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பில் கொஞ்சம் அழுதாள். சாயங்காலத்துக்குள் சுவரொட்டி பஸ் ஸ்டாண்டு சுவரிலும், திருத்தங்கல் போகிற ரோட்டிலும், வெம்பக்கோட்டை விலக்கிலும் ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் ஊரில் எடுத்தார்கள். மதுரையிலிருந்து வந்த வண்டி நேராக வீட்டு வாசலில் நின்றது. வகுப்புப் பிள்ளைகள் ஓரமாகக் கூடி நின்றார்கள். சுந்தரபாண்டி அவர்களை யார் எவர் என்று தெரியாமல் பார்த்தார். அடக்கமான மனிதர், சத்தம் போட்டு அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அழகுமீனா போனில் கூப்பிட்டது அதற்கு மறுநாள். ஆமத்தூர்ப் பிள்ளை. வேல்விழியிடம் முதன்முதலாகப் படித்துப் போனவர்களில் ஒருத்தி. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். சுவரில் ஒட்டியிருந்ததை யாரோ படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். முதலில் அழுதாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, கீழ அந்த வார்த்தைய நீங்களா போட்டீக?”

ஆமாம் என்றாள் பாண்டிலட்சுமி. டீச்சர் தன்னைப் பற்றி அதைத்தான் சொல்லுவாள் என்றும் சொன்னாள்.

“அவுக தன்னையச் சொன்னா அது சரிக்கா. நாம அவுகளச் சொன்னா ஆகாது. வேலைக்கு வந்துட்டுப் போன ஆளச் சொல்ற மாதிரி இருக்கும். இங்கன எங்கூட வேலை பாக்கிறவுகளுக்குக் காட்டலாம்னு எடுத்தேன். காட்டல.”

டீச்சர் தன்னைத் தாழ்த்திக்கொண்ட சொல்லை எடுத்து, படித்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவளைத் தாழ்த்திவிட்டோம் என்பது மெதுவாகத்தான் பாண்டிலட்சுமிக்கு உறைத்தது. தன் அம்மாவை ஒரு படி இறக்கலாம். சொல்லிக்கொடுத்தவளை, தன்னவள் என்றாலும், இறக்கவே கூடாது. இதையும் டீச்சர்தான் சொல்லியிருந்தாள். பாடமாகக் கேட்டு வைத்திருந்தது, விரலுக்கு வரவில்லை.

வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவள் சுவரொட்டி முன்னால் நின்றாள். சிவகாசியில் அந்த வரியை வாசிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, கீழே இதென்ன சீனாக்காரன் எழுத்து என்று பேசிக்கொண்டு போனார்கள். யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. வத்தல்பொடி அட்டையில் வரி மாறியது ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தெரியாமல் செய்தாள். இன்றைக்குத் தெரிந்துதானே செய்தாள்.

பதினாறாம் நாளுக்கு வேறு ஒன்று அடித்துவிடலாம் என்று அண்ணாச்சி சொன்னார். காகிதம் என் கணக்கு என்றும் சொல்லிவிட்டார். ஆனால் என்ன சொல் போடுவது? அழகுமீனா சென்செய் என்றே போடலாம், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள் என்றாள். அது டீச்சர் வேண்டாம் என்று சொன்ன பெயர், அவள் பரீட்சைக்குப் போகாமல் நாம் வைக்கக் கூடாது என்று பாண்டிலட்சுமி பிடிவாதமாக நின்றாள். இரண்டு பேருக்கும் கொஞ்சம் மனஸ்தாபம்கூட ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவளே இல்லையே. பாண்டிலட்சுமி மாடியேறிப் போனபோது பிள்ளைகள் எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கூப்பிடாமல் அவரவராக வந்திருந்தார்கள். பெரியவள் என்று அவளைப் போர்டு பக்கம் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. தன் பெஞ்சிலேயே உட்கார்ந்து, டீச்சர் வாசித்து வைக்கச் சொன்ன பாடத்தை வாசித்தாள். மற்றவர்கள் கூடச் சேர்ந்து வாசித்தார்கள். ஓரிடத்தில் உச்சரிப்பு எப்படி என்று இரண்டு பேருக்குள் தகராறு வந்தது. தீர்த்து வைக்க ஆளில்லை. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள்.

அன்று திரும்பி வரும் வழியில் அழகுமீனா ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளைத் தாளில் தூரிகைப் பேனாவால் எழுதிய இரண்டு பெரிய எழுத்து. கோடெல்லாம் நடுங்கியிருந்தது. பின்னாலேயே போனும் வந்தது.

அவள் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களில் தொண்ணூறு வயது அம்மாள் ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பாதி நாள் யாரையும் அடையாளம் தெரியாது. அன்றைக்கு அழகுமீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று விசாரித்திருக்கிறார். எனக்கு உங்கள் மொழியைச் சொல்லிக்கொடுத்தவர் இறந்துவிட்டார், அவருக்கு என்ன சொல் எழுதுவது என்று தெரியவில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் தாள் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தாராம். ஒன்ஷி. இந்த ஆசிரியரால்தான் நான் ஆளானேன், இதற்கு ஈடாக என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்கிறவர்கள் மட்டும் சொல்கிற சொல். பரீட்சை, பட்டம், வயது எதற்கும் அதில் இடமில்லை. நேருக்கு நேர் அப்படிக் கூப்பிடுவதும் இல்லை. படித்தவர்கள் அடுத்தவரிடம் சொல்லும்போது சொல்வது.

“இதை டீச்சர் நமக்குச் சொல்லித் தரவே இல்லையேக்கா” என்றாள் அழகுமீனா.

எப்படிச் சொல்லித் தருவாள் என்று பாண்டிலட்சுமி நினைத்துக்கொண்டாள். எத்தனையோ சொல் கற்றுக்கொடுத்தவள்தான். ஆனால் போர்டில் இந்தச் சொல்லை எழுதி, இதுதான் நீங்கள் என்னைச் சொல்ல வேண்டிய சொல் என்று எந்த டீச்சராலும் சொல்ல முடியாது. அது வேறு யாரிடமிருந்தாவதுதான் வந்து சேர வேண்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதல் எழுத்தின் அடியில் அவளுக்குத் தெரிந்த ஒரு சின்ன எழுத்து இருந்தது. கொகொரோ, மனசு. நாலே கோடு. அந்த முதல் எழுத்தில் அது மட்டும்தான் அவளுக்கு வாசிக்க வந்தது. ஓடுகிற பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவளுக்கு விம்மல் வந்துவிட்டது.

பதினாறாம் நாளுக்கு முந்தின தினம் புதுச் சுவரொட்டி ஒட்டியாயிற்று. பழையது இருந்த இடத்திலெல்லாம் அதன்மேலேயே ஒட்டச் சொன்னாள். வெம்பக்கோட்டை விலக்கில் தானே கூட நின்று பார்த்தாள்.

விசேஷத்துக்கு எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு சுந்தரபாண்டி பாண்டிலட்சுமியிடம் வந்தார். எழுத்துக் கோத்தது அவள்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் கையில் மடிக்காத சுவரொட்டி ஒன்று இருந்தது. யாரிடமோ கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

“தாயி, இதுல கீழ என்ன போட்டிருக்கீக? எல்லாரும் எங்கிட்டக் கேக்காக. எனக்குத் தெரியலயே.”

அவள் தமிழில் சொல்லிப் பார்த்தாள். ஆசான் என்றாள், குரு என்றாள், எதுவும் ஒட்டவில்லை. நாங்க எந்தக் காலத்துலயும் மறக்க முடியாத உதவி செஞ்ச டீச்சர்னு அர்த்தம்யா என்று கடைசியில் சுற்றி வளைத்துச் சொன்னாள். அவர் அந்த இரண்டு எழுத்தையும் வெகுநேரம் பார்த்தார். அம்புட்டும் இதுக்குள்ள இருக்கா என்றார். முந்தின சுவரொட்டியில் வேறு எழுத்து இருந்ததே என்று கேட்பாரோ என்று அவளுக்குப் படபடப்பாக இருந்தது. அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பு நிலைக்கவில்லை. மதுரைக்காரர் வேறு டீச்சர் பார்த்துத் தருகிறேன் என்று இரண்டு வாரம் சொன்னார். பிறகு போனை எடுப்பதில்லை. பரீட்சை வந்தது, போனது. பிள்ளைகளில் வசதியுள்ளவர்கள் மதுரையில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் படிப்பை விட்டுவிட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிகளிலேயே வேலைக்குப் போனார்கள். இன்னொருத்தி வீட்டுச் சூழ்நிலை சரியில்லாமல் பட்டாசுக்கே போய்விட்டாள். வேல்விழி எது நடக்கக் கூடாது என்று ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்தாளோ அது அவள் போன இரண்டே மாதத்தில் நடந்தது. அந்தப் பிள்ளையைப் பாண்டிலட்சுமி ஒரு நாள் கம்பெனி வேன் ஜன்னலில் பார்த்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தை மாதம் செல்போன் கடைக்காரர் மாடியைக் குடோனுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். டீச்சருடைய சாமான் கொஞ்சம் கிடக்கிறது, யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பாண்டிலட்சுமி சுந்தரபாண்டிக்குப் போன் செய்தாள். மறுநாள் பத்து மணிக்கெல்லாம் அவர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு உரச்சாக்கு. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். மகள் வேலை பார்த்த இடத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு குடை, தண்ணீர் பாட்டில், சாக்பீஸ் டப்பா, படம் போட்ட அட்டைகள் கொஞ்சம். அவற்றை அவர் எடுக்கவில்லை. சாக்கை ஓரமாக வைத்துவிட்டு, பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தக் குட்டைப் பெஞ்சில் முழங்கால் இடித்தது. போர்டைப் பார்த்தபடி இருந்தார்.

அவள் எங்கே நிற்பாள் என்று கேட்டார். பாண்டிலட்சுமி காட்டினாள். ஜன்னல் பக்கம், போர்டுக்கு இடப்புறம். சத்தமாகப் பேசுவாளா என்று கேட்டார். பேசுவாக, கீழே கடை வரைக்கும் கேக்கும் என்றாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“இங்கன சிரிப்பாளா?”

பாண்டிலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. சிரிப்பாகளே, ஒரு பாடத்துக்குப் பத்துத் தடவை சிரிப்பாக, நாங்க தப்பாச் சொன்னா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாக என்று சொல்லிக்கொண்டே போனவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

“அவுக அம்மா போனதுலருந்து வீட்டுல நாங்க ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கிறதில்ல தாயி. என்னமோ அப்படி ஆகிப்போச்சு. அவ சோறு வைப்பா, நான் தின்னுட்டுக் காட்டுக்குப் போயிருவேன். எனக்காகத்தான் திரும்பி வந்தா. எனக்குத் தெரியும். சிரிச்சு நான் பாக்கல. பிள்ளைக்குச் சிரிப்பே இல்லாமப் போச்சுன்னு நெனச்சேன்.”

கீழே கடையில் யாரோ புது போனுக்குப் பாட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிலட்சுமி அவருக்கு முன்பெஞ்சில் திரும்பி உட்கார்ந்தாள். பாட்டு நிற்கும்வரை காத்திருந்தாள்.

“எதுக்குச் சிரிப்பா? சொல்லுங்க” என்றார் சுந்தரபாண்டி.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். தான் முதல் நாள் வாசலில் வந்து நின்று, டீச்சரையே பார்த்து, டீச்சரைக் கூப்பிடும்மா என்று சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள்.